என் கையில் ஒட்டிய தம்பியின் சென்சார்

அப்பா கண் விழித்ததும் தம்பியின் சர்க்கரையைத்தான் பார்ப்பார். போர்வெல் மோட்டார், தென்னைக்குத் தண்ணீர், மாட்டுக்குத் தீனி எல்லாம் அதற்கப்புறம்தான். கட்டிலில் உட்கார்ந்தபடியே ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் எண்ணைச் சத்தமாக வாசிப்பார். "நூத்தி முப்பத்தெட்டு" என்றால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகக் காபி குடிப்போம். "எரநூத்திப் பத்து" என்றால் காபி ஆறிப்போகும்.

கேரள எல்லைச் செக்போஸ்ட் இருக்கிற வாளையாருக்குத் தெற்கே, காற்று திரும்பினால் மட்டும் லாரிகளின் இரைச்சல் கேட்கிற தொலைவில் எங்கள் தோட்டம். தம்பிக்குப் பதினோரு வயதில் அந்த நோய் வந்தது. பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை வேறு, இது வேறு. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும். ஊசி போட்டால் உயிர், போடாவிட்டால் இல்லை. இதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. "சின்னப் பையனுக்குச் சக்கரையா? பாகக்காச் சாறு குடுங்க, ஒரே மாசத்துல ஓடிப்போயிரும்" என்று சொல்லாத அத்தையோ மாமாவோ எங்கள் வகையறாவில் கிடையாது. பாகற்காயில் இன்சுலின் காய்க்குமென்றால் நாம் எதற்குத் தென்னையை வைத்துக்கொண்டு திண்டாடுகிறோம் என்று ஒரு விசேஷ வீட்டில் கேட்டேவிட்டேன். வாய்த்துடுக்குக்காரி என்று பெயர் வாங்கியது அன்றைக்குத்தான்.

அவனுக்குப் பதினைந்து வயதானபோது கோயமுத்தூர் டாக்டரம்மா சென்சார் போடச் சொன்னார். மேல்கையின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும். பெரிய காசு அளவு இருக்கும். வீட்டில் அதைப் பட்டன் என்போம். உள்ளே மயிர்போல ஒரு கம்பி தோலுக்கடியில் கிடந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரையை அளந்து தம்பியின் ஃபோனுக்கு அனுப்பும். அங்கிருந்து அப்பாவின் ஃபோனுக்கும் போகும். ரொம்பக் குறைந்தாலும் கூடினாலும் ஃபோன் கத்தும். இரண்டு வாரத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை விரலில் குத்திக் குத்தி ரத்தம் எடுத்த பையனுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லி முடியாது. முதல் மாதம் அம்மா அந்தப் பட்டனுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

விடுதலை என்றா சொன்னேன்? அதையும் அப்பா சீக்கிரத்தில் கெடுத்தார்.

அவர் கெட்டவர் இல்லை. விவசாயி. தண்ணீர் விட்டால் மரம் காய்க்கும், காய்க்கவில்லையென்றால் எவனோ மடையைச் சரியாகத் திருப்பவில்லை என்பதுதான் அவருக்குத் தெரிந்த உலகம். எண் ஏறினால் யாரோ தப்பு செய்திருக்க வேண்டும். தென்னந்தோப்பில் நின்றுகொண்டே கூப்பிடுவார். "என்றா தின்னே?"

"ஒண்ணும் தின்னலீங்கப்பா."

"தின்னாமயா எரநூத்தி நாப்பது காட்டுது? மிஷினு பொய் சொல்லுமா?"

தம்பி உண்மையாகவே எதுவும் தின்றிருக்க மாட்டான். வளர்கிற வயதில் உடம்பு தன் இஷ்டத்துக்கு ஆடும், அதற்குப் பையனைத் திட்டாதீர்கள் என்று டாக்டரம்மா பக்குவமாகத்தான் சொன்னார். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். காரில் ஏறியதும் "டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். மதிப்பெண் பட்டியலை மாதாமாதம் பார்க்கிற அப்பாக்கள் உண்டு. எங்கள் அப்பா நிமிடத்துக்கு நிமிடம் பார்த்தார்.

எங்கள் ஊர்ப் பையன்கள் வருஷா வருஷம் தை மாதம் மாலை போட்டுப் பழனிக்கு நடந்து போவார்கள். பச்சை வேட்டி, தோளில் காவடி, வழியெல்லாம் அன்னதானம், கொட்டு. தம்பி ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கிடைத்த பதில் ஒன்றேதான்: வழியில் மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது? பதினேழு வயதானபோது அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். பேசுவதையும் பாதி நிறுத்திவிட்டான். அது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அவள் அழுததைப் பார்த்துத்தான் அப்பா இறங்கி வந்தார்.

"பத்து நாளைக்கு நூத்தியெம்பதத் தாண்டாமக் காட்டு. சாமி சத்தியமா உன்னைய அனுப்பறேன்."

அந்த நோய் உள்ள எந்தப் பிள்ளையாலும் அது ஆகாது. டாக்டரம்மாகூட அப்படி ஒரு நிபந்தனை போட்டதில்லை. எனக்கு அது தெரியும். கடைசி டம்ளரைக் கழுவிக்கொண்டு நின்றேன், வாயைத் திறக்கவில்லை. வாய்த்துடுக்குக்காரிக்கு வாய் வேண்டிய இடத்தில் வராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதுச் சென்சார் மாற்றும் நாள். தம்பி பெட்டியை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"அக்கா, இத உங்கையில ஒட்டிக்கிறயா?"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் யோசித்துத்தான் வந்திருந்தான். ஆயுள் முடிந்த பழைய பட்டன் அவன் கையில் அப்படியே இருக்கும், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. உயிருள்ளது என் சுடிதார் கைக்குள் இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஃபோன் கூடாதென்பதால் பகலில் அணைத்து வீட்டில் வைப்பது வழக்கம். மாலையில் போட்டதும் விட்டுப்போன எண்களெல்லாம் வரிசையாக வந்துவிடும். மற்ற நேரத்தில் ஃபோன் என் பக்கத்தில் கிடந்தால் போதும்.

"உன் சக்கரைய எப்படிடா பாத்துக்குவே?"

"பழைய மாதிரி வெரல்ல குத்திப் பாத்துக்கறேன். பையில ஒரு ஊசி தனியா வெச்சிருக்கறன்க்கா. கூட இருந்துச்சுன்னா நானே போட்டுக்குவேன். பத்தே நாளு."

ஏன் ஒத்துக்கொண்டேன்? அவன் முகத்தைப் பார்த்து என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி எனக்கு அப்பாமேல் இருந்த கோபம். பி.காம். முடித்து ஒரு வருஷமாக வீட்டில் உட்கார வைத்து ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஒருமுறை ஏமாற்றிப் பார்ப்பதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. துப்பட்டாவை வாயில் கடித்துக்கொண்டு கையை நீட்டினேன். அவன் ஒட்டினான். கட்டெறும்பு கடித்த மாதிரிகூட இல்லை.

நூற்றிரண்டு. தொண்ணூற்றாறு. சாப்பிட்டபின் நூற்றிருபத்தைந்து. மறுபடி தொண்ணூற்றெட்டு. என் உடம்பு ஒரு நல்ல பெண்ணைப்போல நடந்துகொண்டது. நான்காம் நாள் அப்பா டீக்கடையில் ஃபோனைக் காட்டிப் பெருமையடித்துவிட்டு வந்தார். தம்பி சாப்பிட உட்கார்ந்திருந்தபோது பின்னால் வந்து அவன் தோளில் கை வைத்தார். நோய் வந்த பிறகு அவர் அவனைத் திட்டாமல் தொட்டது அன்றைக்குத்தான். தம்பி குனிந்துகொண்டான். அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். நல்ல காரியம்தான் செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா அந்த எண்களைப் பெருமையாக டாக்டரம்மாவுக்கும் அனுப்பினார். அதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. மறுநாள் அங்கிருந்து பதில் வந்தது: ரொம்ப நன்றாக இருக்கிறது, விடியற்காலையில் கொஞ்சம் அதிகமாகவே இறங்குகிறது, ராத்திரி ஊசியைக் குறையுங்கள். அம்மா குறைத்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற ஊசியையும் அவளே எண்ணைப் பார்த்துப் பார்த்துக் குறைத்தாள். என் ரத்தத்தைப் பார்த்து என் தம்பிக்கு மருந்தைக் குறைத்தார்கள். நான் பக்கத்தில் நின்று ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"நீ தனியாப் போட்டுக்கிறியல்லடா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பாத்துக்கறன்க்கா."

எத்தனை முறை குத்திப் பார்த்தாய், எவ்வளவு இருந்தது என்று கேட்கவில்லை. பிற்பாடு அவன் பள்ளிக்கூடப் பையில் இருந்த, சொட்டு ரத்தம் வைத்துப் பார்க்கிற ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஐந்தாறுதான் எடுத்திருந்தான். ஆறு வருஷமாக எண்ணோடு குடித்தனம் நடத்திய பையன். ஒரு பத்து நாள் எந்த எண்ணையும் பார்க்காமல் இருக்கத்தான் அவனுக்கு ஆசை இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

ஏழாம் நாள் அவன் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தான். கேட்டால் "வெயிலுதான்க்கா" என்றான். தை மாதத்தில் என்ன வெயில்? கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "வெரதம் இருக்கறானல்ல" என்று அம்மா சொன்னாள். எனக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. இன்னும் மூன்று நாள்தானே என்று அதை அடக்கினேன்.

ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு வாந்தி எடுத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். மூச்சு ஆழ ஆழமாக, மலையேறி வந்தவன் மூச்சுபோல வந்தது. அப்பா உடனே ஃபோனை எடுத்தார்.

"நூத்தி நாலு. சக்கரைக்கு ஒண்ணுமில்ல. நேத்துக் கோயில்ல தின்ன சோறு சேரல, அவ்வளவுதான்."

அம்மா ஓமத்தண்ணீர் வைத்துக் கொண்டுவந்தாள். அதையும் வாந்தி எடுத்தான். நான் அவன் நெஞ்சைத் தடவியபடி குனிந்தேன். வாயில் அழுகின பழத்தின் வாடை. இன்சுலின் பற்றாமல் ரத்தம் விஷமாகும்போது வருகிற வாடை அது என்று எங்களுக்கு முதல் நாளே ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவன் என் கையை இறுக்கிப் பிடித்தான்.

"ரெண்டே நாள்க்கா. சொல்லிப்போடாத."

நான் சொல்லவில்லை. ஏழு மணியிலிருந்து பதினொன்றரை மணி வரை சொல்லவில்லை. ரகசியமாக, விரல் ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிற மீட்டரை எடுத்துக் குத்திப் பார்த்திருக்கலாம், ஊசியைப் போட்டிருக்கலாம், குறைந்தபட்சம் அம்மாவின் காதிலாவது போட்டிருக்கலாம். அப்பா என்ன செய்வாரோ என்ற பயம். பழனி போச்சே என்று இவன் என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டான் என்ற பயம். நாலரை மணி நேரம் இந்த இரண்டு பயத்தையும் மடியில் வைத்துக்கொண்டு அவன் தலையையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

கண் சொருக ஆரம்பித்த பிறகுதான் காரில் போட்டு, கேரளப் பக்கம் கிட்டத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எங்களை இறக்கிவிட்டு அப்பா வண்டியை ஓரம் கட்டப் போனார். போகுமுன் தம்பியின் ஃபோனை அம்மாவிடம் கொடுத்தார். உள்ளே நர்ஸ் மலையாளத்தில் கேட்டாள். "ஷுகர் எத்ரயுண்டு?" அம்மா ஃபோனைக் காட்டினாள். நூற்றொன்று. டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். வாந்தியில் உடம்பு வற்றிவிட்டது என்று டிரிப் ஏற்றச் சொன்னார். நர்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து கம்பியில் மாட்டினாள்.

அது குளுக்கோஸ் பாட்டில்.

"ஏத்தாதீங்க" என்று கத்தினேன். "அது அவனோடதில்லீங்க. அந்த நெம்பர் என்னோடது." சுடிதார் கையைச் சுருட்டி மேலே ஏற்றிப் பட்டனைக் காட்டினேன். டாக்டருக்கு முதலில் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகம் அப்போது மாறிய விதத்தை நான் எழுதப் போவதில்லை. தம்பியின் விரலில் குத்தினார்கள். மீட்டரில் எண் வரவில்லை. மீட்டரால் அளக்க முடியாத அளவுக்கு ஏறியிருந்தது.

உடனே ஆம்புலன்சில் கோயமுத்தூர். வாளையாரில் லாரிகள் இரண்டு வரிசையாக நின்றன. சைரன் போட்டும் ஒரு லாரி ஒதுங்க மற்ற லாரி இடம் விடவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா இறங்கி ஓடி ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கும்பிட்டார். அப்போதும் அவருக்கு எதுவும் தெரியாது.

மூன்றாம் நாள் காலை தம்பி போய்விட்டான். மூளையில் நீர் கோத்துக்கொண்டது என்றார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானே கேட்டேன். கோயமுத்தூர் ஆஸ்பத்திரி டாக்டர் சார்ட்டை மூடிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அம்மா என் சுடிதார் கையை முழங்கை வரை இழுத்து மூடினாள். "உங்கப்பங்கிட்டச் சொல்லிப்போடாத. மிஷினு தப்பாக் காட்டிப்போடுச்சுன்னு நான் சொல்லிட்டேன். அது அப்படியே இருக்கட்டும்." அதற்குப் பிறகு அவள் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. சோறு போட்டாள். பேசவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா அதையே சொன்னார். "மிஷின நம்பிக் கெட்டோமுங்க. பையன் செத்துட்டிருக்கறான், அது நூத்தி நாலுன்னு காட்டுது." ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சு படுவேகமாகப் பரவியது. நான் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பதிலாக ஒரு காசு அளவு பட்டன் ஊராரிடம் ஏச்சு வாங்கியது. நிம்மதியாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தது.

ஆறேழு மாதம் கழித்து மாவு மில்லில் ஒரு பெண் என்னைப் பார்த்துக் கிட்டே வந்தாள். பக்கத்து ஊர். அவளுடைய ஒன்பது வயது மகளுக்கும் தம்பியின் நோய்தான்.

"ஏனுங்க அம்மிணி, உங்கப்பா சொன்னாருன்னு எங்க ஊட்டுக்காரரு பட்டனக் கழட்டி வீசிப்போட்டாருங்க. உங்க தம்பிக்கு ஆன மாதிரி ஆயிரக்கூடாதுங்களே. இப்பப் புள்ள ரெண்டு தடவ பள்ளிக்கூடத்துல வெட்டு வந்து கைகால் இழுத்து உழுந்துட்டா. கொறையறதும் தெரியறதில்ல, கூடறதும் தெரியறதில்ல."

மிளகாய் நெடியில் தும்முவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாவு அரைபட்டு வரும்வரை நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா மோட்டார் ரூம் பக்கத்தில் வாய்க்காலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, பழைய பட்டன், புதுப் பட்டன், ராத்திரி ஊசியைக் குறைத்தது, ஏழு மணியிலிருந்து பதினொன்றரை வரை. அந்தச் சின்னப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றுதான் நினைத்தேன்.

அவர் மண்வெட்டியைக் கழுவி முடித்தார். "தெரியும் கண்ணு" என்றார்.



"பத்து நாள் கெடு வெச்சது நானு. நீயா வெச்சே?" என்றார். "ஒண்ண எமனுக்குக் குடுத்தாச்சு. இன்னொண்ண ஊரு வாய்க்குக் குடுக்கறதான்னுதான் மிஷினு மேல போட்டேன். இன்னொருத்தன் புள்ளையக் கொல்லும்னு நெனைக்கல." துண்டை உதறித் தோளில் போட்டார். "வண்டியில ஏறு. அந்த ஊட்டுல போயி நெசத்தச் சொல்லிப்போட்டு வந்தர்லாம்."

பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். தோட்டத்துப் பாதை முடிந்து தார்ரோடு வந்தது. பிறகு என் பக்கம் திரும்பாமல், வண்டியை மெதுவாக விட்டபடி சொன்னார்.

"அவனக் கொண்டாந்து வாசல்ல போட்டிருந்தமல்ல, அப்ப அவனோட ஃபோனு எம் பாக்கெட்டுல கத்துச்சு. சக்கர கொறஞ்சா கத்துமே, அந்தச் சத்தம். ஒரு நொடி பையன் உசுரோட இருக்கறான்னு நெனச்சுப்போட்டேன். எடுத்துப் பாத்தா அறுவத்தொண்ணு. சுத்தியும் பாத்தேன். நீ செவுத்தோரமாச் சாஞ்சு கெடந்தே, மூணு நாளா ஒரு பருக்க தின்னிருக்கல. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. உங்கத்தையக் கூப்பிட்டு, புள்ளைக்குச் சக்கரத்தண்ணி கரைச்சுக் குடுன்னேன்."

நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"எடுக்கலாமா எடுக்கலாமான்னு பெரியவங்க கேட்டுட்டே இருந்தாங்க. இருங்க இருங்கன்னேன். எழுவதாச்சு. எம்பத்தஞ்சாச்சு. நூறு வரட்டும்னு ஃபோனப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். நூறு வந்ததுக்கப்பறந்தான் பையனத் தூக்கச் சொன்னேன்."